டெல்டா மழைக்குத் தாங்கும் வீட்டுச் சாமான் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வார இணைப்பில் வீட்டு அலங்காரம் பற்றி வருகிற பக்கத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் படிக்கிறோம். படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அதில் வருவதெல்லாம் ஏசி ஓடுகிற, ஜன்னல் திறக்காத அடுக்குமாடி வீடுகள். பாபநாசம், வலங்கைமான், மன்னார்குடி பக்கம் வாய்க்கால் கரையிலும் வயலை ஒட்டியும் குடியிருக்கிற நாங்கள் அதைப் பார்த்துச் சாமான் வாங்கினால் இரண்டு மழைக்குக்கூடத் தாங்குவதில்லை. காவிரி டெல்டாவில் வீட்டுக்கு எது வாங்கினாலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு அது நிற்குமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும், கலரும் டிசைனும் அதற்கு அப்புறம்தான். இதை யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

என் நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு டவுன் கடை ஒன்றில் மூன்று கதவு வைத்த அலமாரியை மாதத் தவணையில் வாங்கினார்கள். பார்ப்பதற்குத் தேக்கு மாதிரியே இருந்தது. உள்ளே இருந்ததோ மரத்தூளையும் சில்லையும் பசை போட்டு அழுத்திய பார்டிகிள் போர்டு. மேலே ஒட்டியிருக்கிற லேமினேட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை, அடி ஓரத்தில்தான் கோளாறு. அது யார் கண்ணிலும் படாது என்று அங்கே பலகையின் வெட்டு ஓரத்தை மூடுகிற பட்டியை ஒட்டாமலே விட்டிருந்தார்கள். தினமும் வீடு துடைக்கிற தண்ணீரும் மழை நாளில் தரையில் கசிகிற ஈரமும் அந்த வழியாக ஏறி, அடிப்பலகை ஊறின ரஸ்க் மாதிரி உப்பி, கீலைப் பிடித்திருந்த திருகாணிக்குப் பிடிமானம் இல்லாமல் போய், கதவு ஒரு பக்கமாகத் தொங்க ஆரம்பித்துவிட்டது. ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினால், "இதுல மறுபடி திருகாணி நிக்காதுக்கா, வேற பலகைதான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தவணை இன்னும் முடியவில்லை.

கடையில் நாம் கேட்க வேண்டியது, உள்ளே என்ன பலகை என்பதுதான். பிளைவுட் என்று சொன்னால் பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையும் எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐஎஸ் 303 என்ற எண்ணின் கீழேயே எம்ஆர் (ஈரம் தாங்குவது), பிடபிள்யூஆர் (கொதிநீரையும் தாங்குவது) என்று இரண்டு தரம் உண்டு. எம்ஆர் ஈரம் தாங்கும் என்று கடைக்காரர் சொல்வார், காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அது சரி, தண்ணீர் படுகிற இடத்துக்கு ஆகாது. சமையல்கட்டுக்குக் குறைந்தது பிடபிள்யூஆர் வேண்டும். பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்குக் கீழே ஐஎஸ் 710, அதாவது தண்ணீருக்கு இன்னும் நன்றாகத் தாங்குகிற மரைன் பிளை போடுவதுதான் நல்லது. எதுவானாலும் தரையில் படாமல் 4 அங்குலக் கால் வைத்து, சுவரில் ஒட்டாமல் ஒரு கை நுழைகிற அளவு இடம் விட்டு வையுங்கள். இரும்பு பீரோவுக்கும் இது பொருந்தும், நாலு மூலையிலும் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்தால் அடித்தகடு துருப்பிடிப்பது வெகுவாகக் குறையும்.

உண்மையைச் சொன்னால், நம் கொத்தனார்கள் காலங்காலமாகச் செய்கிற கடப்பா கல் அலமாரியை மிஞ்ச எதுவும் வரவில்லை. வீடு கட்டும்போதே சுவரில் கல்லைப் பதித்துத் தட்டு வைத்துவிடுகிறார்கள், உப்பவும் உப்பாது, பாரம் வைத்தால் வளையவும் வளையாது. கல்லைக் கரையான் தின்னாது, ஆனால் சுவரோரமாக மண் வரி போட்டு ஏறி உள்ளே இருக்கிற புத்தகத்தையும் புடவை வைத்த அட்டைப்பெட்டியையும் தின்றுவிடும். ஆகவே மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து மூலைகளைப் பார்த்துவிட வேண்டும். வெளிக்கதவு வேண்டுமென்றால் காற்றுப் போகிற மாதிரி சட்டம் அடித்த மரக்கதவு போடுங்கள். முழுக்க மூடிய கதவு என்றால் கார்த்திகையில் திறக்கும்போது துணியெல்லாம் பூஞ்சை வாடை அடிக்கும்.

அடுத்தது சோபா. தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் என்ற வீட்டுத் திட்டத்தில் கட்டுகிற வீடு சமையலறையும் சேர்த்து 360 சதுர அடி. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, ஒற்றை சோபா இரண்டு, நடுவில் டீப்பாய் என்று வாங்கிப் போட்டால் சாமான் மட்டுமே சுமார் 45 சதுர அடியை அடைத்துக்கொள்ளும், நடக்கிற இடம் தனி. அதுவும் நம் வீட்டுக் கூடம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிற இடமா? தை மாதம் சம்பா அறுவடை முடிந்தால் நெல் மூட்டை உள்ளே வரும், அதைத் தரையில் அடுக்கக் கூடாது, மரச்சட்டத்தின் மேல்தான் அடுக்க வேண்டும். காதுகுத்து, வளைகாப்பு என்றால் ஐம்பது பேர் பாய் விரித்து உட்காருவார்கள், துக்கம் நடந்தாலும் கூடத்தைக் காலி செய்தாக வேண்டும். இரண்டு பேர் தூக்கி வெளியே வைக்க முடியாத எந்தச் சாமானும் அங்கே தொந்தரவுதான். கால் வைத்த மரப்பெஞ்சு இரண்டு, மேலே உறை கழற்றித் துவைக்கிற மாதிரி ஜிப் வைத்த மெத்தை, இதுவே குடும்பத்துக்குத் தாராளம். ராத்திரி பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டு நாலு பேர் படுக்கலாம்.

வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தாழ்வாக, மெத்து மெத்தென்று இருக்கிற சோபாவில் உட்கார்ந்தால் முட்டிவலிக்காரர்களால் எழுந்திருக்க முடிவதில்லை. என் மாமியார் யாராவது கை கொடுத்தால்தான் எழுந்திருப்பார். இப்போது தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில் கெட்டியான இருக்கையும் கைப்பிடியும் வைத்த நாற்காலி வந்த பிறகு, தானே கையை ஊன்றி எழுந்து போய் டீ போட்டுக்கொள்கிறார். இந்த வயதில் அது சின்ன விஷயமில்லை. இப்படிப்பட்ட நாற்காலிக்குத் தூரமாகப் போகவும் வேண்டாம், சீர்காழி தாண்டிக் கொள்ளிடம் போகிற வழியில் தைக்காலில் பிரம்பிலேயே செய்து தருகிறார்கள். உயரம் இவ்வளவு வேண்டும் என்று சொல்லிச் செய்யச் சொல்லலாம். பிரம்புக்கும் ஈரம் ஆகாது என்பதால் மழை விட்டதும் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுவர் விஷயத்தில்தான் எனக்கு ரொம்ப ஆதங்கம். பழைய வீடுகளில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்கும் ஓதம், அதாவது சுவர் ஈரம் ஏறி, சுண்ணாம்பு உதிர்ந்து உப்பு பூத்திருக்கும். அதை மறைக்க இப்போது வால்பேப்பர் ஒட்டுகிறார்கள், பிவிசி பலகை அடிக்கிறார்கள். வெளியே பளபளவென்று இருக்கும், பின்னால் ஈரம் போக வழியில்லாமல் பூஞ்சையும் கரையானும் குடியேறிவிடும். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும், குளியலறைக் குழாய்க் கசிவா, வெளியே சுவரோரம் தண்ணீர் தேங்குகிறதா, இல்லை அடித்தளத்திலிருந்தே ஏறுகிறதா என்று. அதைச் சரி செய்து, பூச்சைச் சுரண்டிவிட்டு, பங்குனி, சித்திரை வெயிலில் சுவரை நன்றாகக் காய விட்டு, அப்புறம் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விடும், பிளாஸ்டிக் பெயின்ட் அப்படி விடாது, தோல் தோலாக உரியும்.

தஞ்சாவூர் ஓவியம் மாட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பூச்சும் கல்லும் தங்க ரேக்கும் வைத்துச் செய்கிற படம் அது, ஈரச்சுவரில் மாட்டினால் பூச்சு தூக்கிக்கொண்டு வந்துவிடும். சட்டத்தின் பின்பக்கம் நாலு மூலையிலும் சின்னக் கட்டைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். விளக்குக்கு நேர் மேலே மாட்டவே வேண்டாம், புகை படியும்.

படுக்கைக்கு இலவம்பஞ்சு மெத்தைதான் எங்கள் வீட்டில். வெயிலில் போட்டுத் தட்டி எடுத்தால் புதுசு போல ஆகிவிடும். தடித்த ஃபோம் மெத்தையில் ஈரம் இறங்கினால் லேசில் காயாது. ஜன்னல் திரைக்குப் பருத்தித் துணி போதும், கரூர்த் துணி நன்றாக உழைக்கிறது, தரைக்கு இரண்டு அங்குலம் மேலேயே நிற்கிற மாதிரி தைக்கச் சொல்லுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது ஓடு பறந்த வீடுகளை எங்கள் சொந்தத்திலேயே பார்த்தோம். கூடத்துச் சாமான் எல்லாம் நனைந்தது. பூவரசு கட்டில், இரும்பு பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி, பாய் எல்லாவற்றையும் வெயிலில் வைத்து மறுபடி எடுத்துக்கொண்டார்கள். அழுத்திய பலகையில் செய்த டிவி ஸ்டாண்டையும் கம்ப்யூட்டர் மேசையையும் மட்டும் வாரிக் குப்பையில்தான் போட முடிந்தது.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கூரைக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே ஊஞ்சல் கொக்கி எங்கே வர வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லிக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். கூரை இறுகிய பிறகு துளை போட்டு மாட்டுகிற கொக்கியை நம்பிக் குழந்தைகளை ஆடவிட எனக்குத் துணிவில்லை. அப்புறம், தாழ்வாரத்தில் எதிரெதிர்ச் சுவரில் கொடி கட்டக் கொக்கி வையுங்கள். அடைமழையில் துணி காயப்போட இடமில்லாமல்தான் நாற்காலி முதுகெல்லாம் ஈரத்துணியாகி வீடே நாறுகிறது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் இணைப்பில் எழுதுகிறவர்களை ஒருமுறை கார்த்திகை மாதத்தில் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளுக்கு அனுப்புங்கள். பலகை எதில் செய்தது, மழையில் என்ன ஆனது என்று அந்த வீட்டுப் பெண்களிடமும் உள்ளூர் ஆசாரிகளிடமும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தீபாவளித் தள்ளுபடி விளம்பரங்கள் வருவதற்கு முன்னாலேயே அது அச்சில் வந்தால், தவணையில் வாங்க நினைத்திருக்கிற எத்தனையோ குடும்பங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்