சேர்னா நான், நாற்காலிக்குக் கதிரை

மாப்ள,

வாட்ஸ்அப்ல நாலு வரி போட்டா கோச்சுக்குவன்னுதான் லெட்டராவே எழுதறேன். யாழ்ப்பாணத்துல இருந்து வந்து பத்து நாள் ஆச்சு, புதுச்சேரி வெயில் எனக்கே புதுசா இருக்கு. வீல்சேர் குடுக்கப் போனியான்னு எல்லாரும் கேக்கறாங்க, குடுக்கறது ஒரு நாள் வேலைடா, மீதி மூணு வாரமும் அங்க இருக்கற பிசியோ பசங்களுக்கு அளவு எடுக்கவும் உக்கார வைக்கவும் சொல்லிக் குடுத்தேன்.

சுனாமி அப்போ உங்க ஊருக்கு லாரி லாரியா பழைய துணி வந்து ரோட்டோரம் குவிஞ்சு கெடந்துச்சே, ஞாபகம் இருக்கா? யாருக்கும் சைஸ் சேரல. தானமா வர்ற வீல்சேரும் பாதி அந்தக் கதைதான். வீல்சேர் குடுக்கறதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2008லயே 8 படின்னு எழுதி வச்சுது, ஆளை அனுப்பி வச்சு நாள் குறிக்கறதுல ஆரம்பிச்சு, பரிசோதிச்சு அளவு எடுத்து, உக்கார வச்சு சரி பண்ணி, ஓட்டக் கத்துக் குடுத்து, அப்புறமும் போய்ப் பாக்கற வரைக்கும். நம்மாளுங்க ஒரு படியோட போட்டோ எடுத்துட்டு கிளம்பிடறாங்க.

ஒருத்தர் வந்தாரு, பனையில இருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவரு. யாரோ குடுத்த சேர், அவருக்கு ரெண்டு பக்கமும் நாலு விரல் இடம் மிச்சம், ஒரு பக்கமா சாஞ்சே உக்காந்து புண்ணு வந்து ஆறி தோல் மட்டும் கருத்துக் கெடந்துச்சு. உணர்ச்சி இல்லாததால வலி தெரியாது, அதான் ஆபத்து. ஃபுட்ரெஸ்ட் வேற மேல இருந்ததால தொடை குஷன்ல படாம முழு வெயிட்டும் உக்கார்ற எலும்புலயே. அதை இறக்கி, முழங்காலுக்குப் பின்னாடி ரெண்டு விரல் கேப் விட்டு, இன்னொரு சின்ன சேர்ல புது குஷன் போட்டு உக்கார வச்சோம். அப்புறம் குஷனுக்கும் அந்த எலும்புக்கும் நடுவுல விரலை விட்டுப் பாக்கணும், நுனி ஆட முடிஞ்சா சரி, நசுங்கினா குஷனை மாத்தணும். முதல் நாள் அப்படிக் கையை விட கூச்சப்பட்ட பிசியோ பொண்ணு ஒண்ணு, மூணாவது வாரம் நான் வாயைத் திறக்கறதுக்குள்ள "இடப்பக்கம் நசியுது சேர்"ங்குது.

ஆமா, அங்க சேர்னா நான்தான், அதாவது சார். நாற்காலிக்குக் கதிரை. முதல் ரெண்டு நாள் யாரை சொல்றாங்கன்னே புரியாம முழிச்சேன்.

அதே பொண்ணுதான் என் மூக்கையும் உடைச்சுது. குஷனெல்லாம் கனகச்சிதமா பண்ணிட்டு பெருமையா நின்னா, "வாசல் எவ்வளவு அகலம் எண்டு கேட்டனீங்களோ சேர்?" கேக்கல. அவரு வீட்டுல போய்ப் பாத்தா கக்கூஸ் வாசல்ல சக்கரம் இடிக்குது, வாசல்லயே நாலு இன்ச் படி வேற. பதினஞ்சு வருஷ சர்வீஸ்டா எனக்கு. கடைசியில பக்கத்து வீட்டு கொத்தனார்தான் படியை இடிச்சு சரிவு போட்டுக் குடுத்தாரு, நிலையை அகலமாக்க அடுத்த மாசம் பாப்பாங்களாம். அதையும் அந்தப் பொண்ணே போய்ப் பாத்துட்டு போட்டோ அனுப்பறேன்னுச்சு.

அப்புறம் உங்க பெரியப்பா சேரைப் பத்தி நீ எழுதினியே, "முன்னாடி சரிஞ்சுக்கிட்டே வர்றாரு, பெல்ட் போட்டுக் கட்டலாமா"ன்னு. கட்டாதடா. சீட்டு தொங்கிப் போச்சான்னு முதல்ல பாரு, இல்லன்னா ஆழம் ஜாஸ்தியா இருக்கும். தினம் ராத்திரி அடியில தோல் சிவந்திருக்கான்னு பாக்கச் சொல்லு, அரை மணிக்கு ஒரு தடவ முன்னாடி குனிஞ்சு வெயிட்டை மாத்த வைங்க. ஞாயித்துக்கிழமை டேப்போட மஞ்சக்குப்பம் வர்றேன், அதுக்குள்ள உங்க வீட்டு பாத்ரூம் வாசலை அளந்து வச்சிடு.