பெயரளவிலான கோல்ட் ஏர் இன்டேக் குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

நாள்: 09.06.2025

பொருள்: அம்பாசிடர் காரில் பொருத்தப்பட்ட கோல்ட் ஏர் இன்டேக் செயல்படாமை – தொகையைத் திரும்பப் பெறவும் பானெட்டைச் சீர்செய்யவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். என் தந்தையார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் 1968ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 காருக்கு, கடந்த ஏப்ரல் மாதம் தங்கள் மதுரைப் பணிமனையில் ரூ. 38,500 செலுத்தி, பானெட் ஸ்கூப்புடன் (பானெட்டின் மேல் காற்றை உள்ளே வாங்கும் மூடி) கூடிய கோல்ட் ஏர் இன்டேக் (எஞ்சினுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் அமைப்பு) பொருத்திக்கொண்டேன். அழகுக்கு ஒட்டும் வகை, உண்மையில் வேலை செய்யும் வகை என இரண்டு உண்டு என்று தங்கள் விற்பனையாளரே விளக்கி, பின்னதற்கு ஏறத்தாழ இரு மடங்கு விலை சொன்னார். ரசீதிலும் ‘செயல்படும் வகை’ என்றே உள்ளது. ஆனால் என் காரில் இருப்பது முன்னதுதான்.

பானெட்டின் நடுவில் இரண்டு அங்குல அளவில் ஒரு துளை வெட்டி, அதன்மேல் ஸ்கூப்பை ஆறு ரிவெட்டுகளால் அறைந்திருக்கிறார்கள். அந்தத் துளைக்கும் ஏர் ஃபில்டருக்கும் இடையே ஒரு சாண் வெற்றிடம் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் குழாயோ, ஃபில்டரைச் சுற்றி ஒரு தகரப் பெட்டியோ, பானெட்டை மூடும்போது இடைவெளியை அடைக்கும் ரப்பர் பீடிங்கோ எதுவும் இல்லை. 1489 சிசி கொண்ட இந்த எஞ்சினில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரும், எரிந்த சூட்டுப் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருப்பதைத் தங்கள் பணியாளர் அறியாதவராக இருக்க முடியாது. அப்படியிருந்தும், பழைய ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, நாற்புறமும் திறந்த கூம்பு ஃபில்டரை அந்த நெருப்புக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார்.

மே மாதத்தில் ஒரு பிற்பகல் மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகத் திரும்பியபோது ஃபில்டரின் வாயருகே வெப்பமானியின் முனையைக் கட்டிவைத்திருந்தேன். வெளியே 37 டிகிரி இருக்கையில் அங்கே 61 டிகிரி காட்டியது. காற்று சூடேறினால் அடர்த்தி குறையும். இந்த வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும். ஆக, வெளிக்காற்றை அப்படியே தரும் என்று விற்கப்பட்ட கருவி, எஞ்சினுக்கு அடுப்படிக் காற்றைத்தான் ஊட்டிக்கொண்டிருக்கிறது. இரைச்சல் மட்டும் கூடியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பேரனுக்கு அது பிடித்தும் இருக்கிறது.

தொலைபேசியில் கேட்டபோது, வண்டி வேகமெடுத்தால் காற்று தானாகவே அழுத்தத்தோடு உள்ளே போய்விடும் என்று பதில் வந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றால் கிடைக்கும் கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. இந்த அமைப்பால் ஏதேனும் பயன் உண்டென்றால் அது காற்றின் குளிர்ச்சியால் மட்டுமே வரவேண்டும். அந்தக் குளிர்ச்சியோ, வாயிலிருந்து கார்புரேட்டர் வரை வழி இடைவெளியின்றி மூடிய குழாயாக இருந்து, ரேடியேட்டரின் வெக்கை கலக்காமல் இருந்தால்தான் நிற்கும். எங்கள் ஊர் வீடுகளில் முகப்பில் நின்றால் பின்கட்டு வாசல் தெரியும். இடையில் ஒரு கதவைச் சாத்தினால் வளவில் (உள்முற்றத்தில்) காற்று நின்றுவிடும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

ஃபில்டர் மாறினால் கார்புரேட்டரில் காற்று, பெட்ரோல் கலவையைச் சரிபார்க்க வேண்டும். அதையும் செய்யவில்லை, காலையில் வண்டி திணறித்தான் கிளம்புகிறது. சென்ற வாரக் கோடை மழையில் அந்தத் துளை வழியே நீர் ஸ்பார்க் பிளக் வயர்கள் மேல் சொட்டி, குன்றக்குடி அருகே வண்டி நின்றுபோனது. ஐப்பசி மழைக்கு என்ன ஆகும் என்று நினைக்கவே அஞ்சுகிறேன்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது பானெட்டில் விழுந்த துளைதான். ஃபில்டரை ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடலாம்; அம்பாசிடர் தயாரிப்பு 2014இலேயே நின்றுவிட்ட நிலையில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழுதின்றி இருந்த அசல் தகட்டுக்கு நான் எங்கே போவேன்? கிரில்லுக்குப் பின்னாலிருந்து ஒரு குழாய் இழுத்திருந்தால் பானெட்டைத் தொடவே வேண்டியிருந்திருக்காது.

ஆகவே, செலுத்திய தொகை முழுவதையும் திருப்பித் தருமாறும், தங்கள் பணிமனையிலேயே தங்கிவிட்ட என் பழைய ஏர் கிளீனரை ஒப்படைக்குமாறும், காரைக்குடியில் நான் நம்பும் டிங்கரிங் பட்டறையில் துளையை அடைத்து வண்ணம் பூசும் செலவை ஏற்குமாறும் கோருகிறேன். வேறொரு கிட் மாற்றித் தருவதாகச் சொன்னால் ஏற்பதற்கில்லை. அந்த பானெட்டில் இன்னொரு முறை கைவைக்க நான் விடமாட்டேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இடமளிப்பதால், சிவகங்கை மாவட்ட ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பானெட்டின் உட்புறப் படங்கள், வெப்பமானி அளவுகளின் படங்கள்.