சிவப்பு வயருக்காக ஒரு மடல்

எங்கள் ஸ்லாட் கார் சங்கத்தின் விதிக் குழுவினருக்கு,

வணக்கம். இதையே ஆங்கிலத்தில் எழுதி உங்கள் கையில் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை. தமிழில் எழுதினால் எனக்குக் கோபம் ஒழுங்காக வருகிறது. ஆகவே இம்முறை தமிழில், ஊரறிய. ஊருக்காக ஒரு வரி: ஸ்லாட் கார் என்பது பலகைத் தடத்தில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்து ஓடும் சிறிய மின்சாரப் பொம்மைக் கார். பள்ளத்தின் இருபுறமும் உள்ள உலோகப் பட்டைகளிலிருந்து அதற்கு மின்சாரம் வரும். கையில் பிடித்து, விசையை அழுத்தி அதன் வேகத்தை ஆளும் கருவிதான் கன்ட்ரோலர்.

'கன்ட்ரோலரைத் திறந்து மாற்றியவர்கள் பந்தயத்தில் ஓட்டக்கூடாது' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். நான் திறந்தேன். மறைக்கவும் இல்லை.

நீண்ட நேர்ப்பாதை முடிகிற கொண்டை ஊசி வளைவில் மாதக்கணக்காக என் கார் பலகைச் சுவரில் போய் மோதிக்கொண்டிருந்தது. விசையை விட்ட பிறகும் யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, கன்ட்ரோலரின் திருகுகளைக் கழற்றினேன். விசையோடு நகரும் தொடுமுனை, கம்பி சுற்றிய மின்தடையின் மேல் ஓடுகிறது. விசையை முழுவதும் விட்டால் அது வந்து உட்கார ஒரு சிறிய உலோகத் தகடு. பிரேக் என்பது அதுதான். அந்தத் தகட்டில் அடிபிடித்த வாணலியைப் போலக் கரி. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன், 2 ஓம் காட்டியது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன், தளர்ந்திருந்த தகட்டை நிமிர்த்தினேன், அதிலிருந்து போகும் நூல் போன்ற சிவப்பு வயரை, அதாவது பிரேக் வயரை, எடுத்துவிட்டுக் கனமானதை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். திரும்ப அளந்தால் 0.2 ஓம். நான் செய்த மோசடி இவ்வளவுதான்.

இரண்டு ஓம் ஒரு பொருட்டா என்று குழுவில் ஒருவர் சிரித்தார். டைனமோ வைத்த சைக்கிளில் இருட்டில் வீடு திரும்பியவர்கள் சிரிக்க மாட்டார்கள். விளக்கு எரிந்தால் மிதி கனக்கும். நம் காரிலும் அதே கதைதான். விசையை விட்டதும் 12 வோல்ட் துண்டிக்கப்படுகிறது. ஆனால் சக்கரம் சுழல்வதால் மோட்டாரே டைனமோ ஆகிவிடுகிறது. சிவப்பு வயர் அந்தத் தடத்தின் இரண்டு உலோகப் பட்டைகளையும் இணைத்துவிட, மோட்டார் உண்டாக்கும் மின்சாரம் அதற்குள்ளேயே திரும்பப் பாய்ந்து சுழற்சியை எதிர்க்கிறது. ஒரு கணக்குக்கு, ஓடும் மோட்டார் 8 வோல்ட் தருகிறது, அதன் சுருளின் தடை 5 ஓம் என்று வையுங்கள். வழி சுத்தமாக இருந்தால் 1.6 ஆம்பியர் பாயும். கரியின் 2 ஓம் குறுக்கே வந்தால் 1.14தான். பிரேக்கின் பிடியில் கால் பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது. தடத்தோடு இழுத்துப் பிடிக்கக் காந்தம் வைத்த கார்களில் இது அவ்வளவாகத் தெரியாது. நாமோ காந்தத்தைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள்.

செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறானே அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன், அவனைப் பாருங்கள். அவன் கன்ட்ரோலர் விளையாட்டுப் பெட்டியோடு வந்தது, இரண்டே வயர். விசையை விட்டால் மின்சுற்று அறுந்து நிற்கும், அவ்வளவுதான். கார் தானாக ஓய்ந்தால் உண்டு. அவனை அவசரக்காரன் என்று சொல்கிறீர்கள். அவனுக்குப் பிரேக்கே இல்லை. மூன்றாவது வயரைச் சேர்த்துக் கொடுக்கலாமென்றால் உங்கள் விதி குறுக்கே நிற்கிறது. ஆனால் பிரேக்கைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் வைத்த மின்னணு கன்ட்ரோலரைக் கடையில் வாங்கி வருபவருக்குத் தடையில்லை. காசு கொடுத்து வாங்கினால் கருவி, கையால் செய்தால் குற்றமா?

1957இல் இங்கிலாந்தின் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஃபிரெட் பிரான்சிஸ் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்னும் ஸ்லாட் கார் விளையாட்டைக் கொண்டுவந்து வைத்தார். சுருள்வில்லால் ஓடிய தம் தகரக் காருக்குள் மின்மோட்டாரைப் பொருத்திப் பார்த்தவர் அவர். உங்கள் விதிப்படி அவரும் வெளியேதான் நிற்க வேண்டும்.

உங்கள் அச்சத்தில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. மின்சாரம் கொண்டுவரும் வெள்ளை வயரையும் சிவப்பு வயரையும் மாற்றிப் பொருத்தினால் கன்ட்ரோலர் புகையும். அதற்குத் தடத்துக்கு ஒரு ஃபியூஸ் போடுங்கள். பிரேக் வழியில் பேட்டரி வைத்து எதிர்மின்சாரம் கொடுப்பதைத் தடை செய்யுங்கள், நானே முதலில் கை தூக்குகிறேன். அது வெளியிலிருந்து சக்தியைச் சேர்ப்பது. கரியைத் துடைப்பதும், வயரைத் தடிமனாக்குவதும், சிவப்பு வயரில் ஒரு சிறிய மாறுமின்தடையைச் சேர்ப்பதும் அந்த வகையல்ல. கடைசியாகச் சொன்னது பிரேக்கைக் குறைக்கத்தான் உதவும். பின்சக்கரம் மட்டும் சட்டென்று இறுகினால் வால் வீசிவிடும். அதைக் கட்டிப்போட ஒரு குமிழ் வேண்டியிருக்கிறது.

வரும் செவ்வாய்க்கிழமை மல்டிமீட்டரோடு அரை மணி முன்னதாக வருகிறேன். சங்கம் இரவல் தரும் நான்கு கன்ட்ரோலர்களையும் மேசையில் எடுத்து வையுங்கள். பிரேக் வழியின் தடையை நீங்களே அளந்து பலகையில் எழுதுங்கள். அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே.

இப்படிக்கு,
நான்காம் தடத்தில் ஓட்டுபவன்