உங்களை விற்க வைக்க யாராலும் முடியாதபடி வாங்குங்கள்: ஹெட்ஜ் ஃபண்டுகளை எதிர்த்து நிற்கும் அமெரிக்கச் சிறு முதலீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

பெரும் பணக்காரர்களிடமும் நிறுவனங்களிடமும் பணம் திரட்டி முதலீடு செய்யும் ஹெட்ஜ் ஃபண்டுகள் ஷார்ட் செய்து (விலை இறங்கும் என்று நம்பி, கடன் வாங்கிய பங்கை விற்று) வைத்திருக்கும் பங்குகளைத் தேடிப் பிடித்து, கூட்டமாக வாங்கி, விலையை ஏற்றி அவர்களை நெருக்க நினைக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறோம். 2021 ஜனவரி உங்களுக்கு மனப்பாடம். 2020இன் கடைசி வர்த்தக நாளில் 18.84 டாலரில் முடிந்த கேம்ஸ்டாப் என்ற வீடியோ கேம் கடை நிறுவனத்தின் பங்கு, ஜனவரி 27 அன்று 347.51இல் முடிந்தது. மறுநாள் காலை 483ஐத் தொட்டது. அதை ஷார்ட் செய்திருந்த மெல்வின் கேப்பிடல் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் அந்த ஒரே மாதத்தில் 53 சதவீதம் இழந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க சிட்டாடல், பாயின்ட்72 என்ற வேறு இரண்டு ஃபண்டுகள் 275 கோடி டாலர் போட வேண்டியிருந்தது. 2022இல் மெல்வின் மூடப்படுவதாக அறிவிப்பும் வந்தது. அதே பங்கு பிப்ரவரி 2 அன்று 90 டாலரிலும், 19 அன்று 40.59லும் முடிந்தது. (இவை எல்லாம் 2022 பங்குப் பிரிப்புக்கு முந்தைய விலைகள்.) உச்சத்தில் வாங்கியவர்களில் உங்களைப் போன்றவர்களும் ஏராளம்.

ஹெட்ஜ் ஃபண்டிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஃபண்டுக்குப் பணம் தந்தவர்கள் அதைத் திரும்பக் கேட்பார்கள், கடன் தந்த புரோக்கர் மார்ஜின், அதாவது கூடுதல் பிணைப்பணம், கேட்பார். கையில் இருந்த பணத்தை மட்டும் போட்டுப் பங்கு வாங்கியவரை அப்படி யாரும் கழுத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் மார்ஜின் கடன் (பங்கையே பிணையாக வைத்து புரோக்கரிடம் வாங்கும் கடன்), ஒரு வாரத்தில் காலாவதியாகும் ஆப்ஷன் (குறித்த விலையில் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்), சந்தை விலை ஆர்டர் (அப்போது கிடைக்கும் எந்த விலைக்கும் சம்மதிக்கும் ஆர்டர்) ஆகியவற்றின் வழியாக இந்தப் பலத்தை நீங்களே தூக்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். அதைத் தடுக்கத்தான் இந்த மடல்.

முதலில் ஷார்ட் கணக்கு. ஷார்ட் செய்பவர் பங்கைக் கடன் வாங்கி விற்கிறார். பிறகு சந்தையில் வாங்கித் திருப்பித் தர வேண்டும். அதுவரை கடனுக்குக் கட்டணம் கட்டுகிறார். சந்தையில் புழங்கும் பங்குகளைவிட ஷார்ட் அதிகமாக இருந்தால் கள்ளப் பங்கு நுழைந்துவிட்டது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. ஒருவரின் பங்கைக் கடன் வாங்கி இன்னொருவருக்கு விற்கிறார்கள், வாங்கியவரின் புரோக்கர் அதே பங்கை மறுபடி கடன் கொடுக்கிறார். ஒரே பங்கு இருமுறை ஷார்ட் கணக்கில் ஏறிவிடும். கேம்ஸ்டாப்பில் ஷார்ட், சந்தையில் புழங்கும் பங்குகளில் 122.97 சதவீதத்தை எட்டியது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையமான எஸ்இசியின் ஊழியர் அறிக்கை 2021 அக்டோபரில் சொன்னது.

அந்த அறிக்கையிலிருந்து இன்னொன்றையும் படியுங்கள். ஷார்ட் செய்தவர்கள் பதறி வாங்கியது நடந்ததுதான். ஆனால் மொத்த வாங்குதலில் அது சிறு பகுதி. அவர்கள் பெரும்பாலும் வெளியேறிய பிறகும் விலை உயரத்திலேயே நின்றதற்குக் காரணம், வாங்க வந்துகொண்டே இருந்த மற்றவர்கள். 20 டாலரில் ஷார்ட் செய்தவர் நஷ்டத்தோடு போகிறார். 300 டாலரில் புதிதாக ஒருவர் ஷார்ட் செய்ய வருகிறார். மொத்த ஷார்ட் எண்ணிக்கை பெரிதாக மாறாமலும் இருக்கலாம், உள்ளே இருக்கும் ஆள் மாறிவிட்டார். 20இல் ஷார்ட் செய்தவருக்கு 100 டாலர் மரண வலி. 300இல் வந்தவருக்கு அதே 100 டாலர் பெரும் லாபம். அதனால் ‘அவர்கள் இன்னும் மூடவில்லை’ என்று பகிரப்படும் படங்களை நம்பாதீர்கள். புரோக்கர்களைக் கண்காணிக்கும் அமைப்பான ஃபின்ரா ஷார்ட் எண்ணிக்கையை மாதம் இரண்டு முறைதான் திரட்டுகிறது. கணக்கெடுத்த நாள் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் கழித்தே அது வெளிவருகிறது. ஜனவரி 2021 போன்ற ஒரு வாரத்தில் அது பழைய செய்தி.

தினமும் வரும் ஷார்ட் வால்யூம் (அன்றைய வர்த்தகத்தில் ஷார்ட் விற்பனையின் அளவு) என்பது வேறு சமாச்சாரம். நீங்கள் 50 பங்கு வாங்க ஆர்டர் போடும்போது சந்தை உருவாக்குநரிடம் (எப்போதும் வாங்கவும் விற்கவும் விலை சொல்லும் நிறுவனத்திடம்) கையிருப்பு இல்லையென்றால், உங்களுக்கு விற்றுவிட்டு அடுத்த நொடியில் வாங்கி நிரப்பிக்கொள்வார். அதுவும் ஷார்ட் விற்பனை என்றே பதிவாகும். யாரும் தாக்காத சாதாரணப் பங்கிலும் இந்த எண் பாதியை நெருங்குவது வழக்கம். இதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். உபயோகமான கணக்கு ஒன்று உண்டு: மொத்த ஷார்ட்டை சராசரி தினசரி வர்த்தகத்தால் வகுத்து, ஷார்ட் செய்தவர்கள் வாங்கித் தீர்க்க எத்தனை நாள் ஆகும் என்று பார்ப்பது. 1 கோடி பங்கு ஷார்ட்டில் இருந்து, நாளுக்கு 20 லட்சம் கைமாறினால் 5 நாள். ஆனால் பங்கு பிரபலமாகி நாளுக்கு 2 கோடி கைமாறத் தொடங்கினால் அந்த 5 நாள் அரை நாளாகிவிடும். கூட்டம் பெருகினால் ஷார்ட் செய்தவருக்கும் கதவு அகலமாகத் திறக்கிறது.

நெருக்குதல் உண்மையில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வேகனைப் பாருங்கள். 2008 அக்டோபர் 26 அன்று போர்ஷே தன்னிடம் ஃபோக்ஸ்வேகனின் 42.6 சதவீதப் பங்குகளும், இன்னும் 31.5 சதவீதத்துக்கு ஆப்ஷன்களும் இருப்பதாக அறிவித்தது. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநில அரசிடம் ஏறக்குறைய 20 சதவீதம் இருந்தது. சந்தையில் மிஞ்சியது 6 சதவீதத்துக்கும் கீழே, ஷார்ட்டில் இருந்தது ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. 28ஆம் தேதி விலை 1,000 யூரோவைத் தாண்டியது. மறுநாள், 5 சதவீதம் வரை விடுவிப்பதாக போர்ஷே சொன்னதும் இறங்கியது. அங்கே பூட்டும் சாவியும் ஒரே கையில் இருந்தன. உங்கள் கூட்டத்தில் லட்சம் சாவிகள். ‘யாரும் விற்காதீர்கள்’ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முதலில் விற்பவருக்குத்தான் நல்ல விலை கிடைக்கிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அதைப் பற்றி உங்களிடையே பேச்சே மிகக் குறைவு. புதிய பங்குகளை அச்சிட்டு விற்கும் உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது. விலை ஏறியிருக்கும்போது ஒரு புரோக்கர் வழியாகச் சந்தை விலையிலேயே சிறிது சிறிதாக விற்க ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டு வைத்திருப்பார்கள். கேம்ஸ்டாப் 2021 ஏப்ரலில் 35 லட்சம் பங்குகளை விற்று 55.1 கோடி டாலரும், ஜூனில் 50 லட்சம் பங்குகளுக்கு 112.6 கோடி டாலரும் திரட்டியது. 2024இல் விலை மறுபடி துள்ளியபோது மே மாதம் 4.5 கோடி பங்குகள், 93.3 கோடி டாலர், ஜூனில் 7.5 கோடி பங்குகள், 213.7 கோடி டாலர். சினிமா அரங்கு நிறுவனமான ஏஎம்சி 2021 ஜூன் 1 அன்று மட்ரிக் கேப்பிடல் என்ற ஃபண்டுக்கு 85 லட்சம் பங்குகளை 23.05 கோடி டாலருக்கு விற்றது. அந்த ஃபண்ட் அன்றே அவற்றைச் சந்தையில் விற்று லாபம் பார்த்தது. நிறுவனத்துக்கு இது நல்லது, கடனை அடைக்க வழி கிடைக்கிறது. நிர்வாகத்தின் மேல் குற்றமில்லை. ஆனால் ஷார்ட் செய்தவரின் பையிலிருந்து வரும் என்று நீங்கள் நினைத்த பணம், உங்கள் பையிலிருந்து நிறுவனத்தின் கஜானாவுக்குப் போகிறது.

இதை முன்கூட்டியே பார்க்கலாம். எஸ்இசியின் எட்கர் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போடுங்கள். எஸ்-3 என்ற பதிவு இருந்தால் விற்க வாசல் திறந்திருக்கிறது என்று பொருள். 424பி5 வந்தால் எவ்வளவு, யார் வழியாக என்று அதில் இருக்கும். விற்று முடித்ததும் 8-கே வரும். பிறகு காலாண்டு அறிக்கையில் வெளியிட்ட பங்குகளின் எண்ணிக்கையையும், நிறுவன விதிகள் அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கையையும் எடுத்து ஒப்பிடுங்கள். நடுவில் உள்ள இடைவெளிதான் உங்கள் தலைமேல் தொங்குவது. அந்த இடைவெளி தீர்ந்தாலும் நிம்மதி வேண்டாம். உச்ச எண்ணிக்கையை உயர்த்தப் பங்குதாரர்கள் சம்மதிக்காத நிலையில், ஏஎம்சி 2022 ஆகஸ்ட்டில் முன்னுரிமைப் பங்கு அலகுகளை வெளியிட்டு, 2023 ஆகஸ்ட்டில் அவற்றைச் சாதாரணப் பங்குகளாக மாற்றியது.

இனி 2021 ஜனவரி 28. அன்று ராபின்ஹுட் என்ற செயலி வழிப் புரோக்கரும் வேறு சிலரும் கேம்ஸ்டாப் போன்ற பங்குகளை வாங்க வாடிக்கையாளர்களைத் தடுத்தார்கள். ‘வாங்கும் பொத்தானை அணைத்தார்கள்’ என்ற கோபம் நியாயமானது. ஆனால் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் அடுத்த முறையும் மாட்டுவீர்கள். ஒரு பங்கை வாங்கினால், கணக்குத் தீர அப்போது இரண்டு வேலை நாள் ஆகும். அந்த இடைவெளியில் புரோக்கர் விழுந்துவிட்டால் யார் தருவது? அதற்காக என்எஸ்சிசி என்ற தீர்வகம் ஒவ்வொரு புரோக்கரிடமும் வைப்புத்தொகை வாங்கி வைக்கிறது. அன்று அதிகாலை 5.11க்கு ராபின்ஹுட்டிடம் ஏறக்குறைய 300 கோடி டாலர் கூடுதலாகக் கேட்கப்பட்டது. அதில் 220 கோடிக்கு மேல், மூலதனத்தைவிட ஆபத்து பெருத்துவிட்டதற்கான கூடுதல் கட்டணம். அந்தப் பகுதி பின்னர் தள்ளுபடி ஆனது. கடைசியில் ஏற்கெனவே இருந்த 69.6 கோடியோடு 73.7 கோடி டாலர் சேர்த்துக் கட்டி அன்றைய நாளைத் தாண்டினார்கள். வாடிக்கையாளர் கணக்கில் முழுப் பணம் இருந்தும் அதை எடுத்து வைப்பாகக் கட்ட விதி அனுமதிக்காது. புரோக்கரின் சொந்தப் பணம்தான் போக வேண்டும். தீராத கொள்முதல் குவிந்ததால்தான் வைப்பு ஏறியது. விற்பனை அந்தக் குவியலைக் குறைக்கும். அதனால் விற்க அனுமதி, வாங்கத் தடை. சிறு முதலீட்டாளருக்கு இது பெரும் அநீதியாகவே முடிந்தது, ஏனென்றால் விலை இறங்கும் வழி மட்டும் திறந்திருந்தது, ஏறும் வழி அடைபட்டது.

2024 மே 28 முதல் ஒரே வேலை நாளில் தீர்வு. ஆபத்து குறைந்திருக்கிறது, போகவில்லை. அதனால் மூலதனம் வலுவான இரண்டு புரோக்கர்களிடம் இப்போதே கணக்கு வைத்திருங்கள். நெருக்கடி நாளில் பங்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முயன்றால் பல வேலை நாட்கள் போகும், அதுவரை உங்களால் விற்கவும் முடியாது.

மார்ஜினைத் தொடாதீர்கள் என்று ஏன் சொல்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. உங்கள் பணம் 10,000 டாலர், கடன் 10,000. பங்கின் மதிப்பு 20,000. ஃபின்ராவின் குறைந்தபட்ச வரம்பு 25 சதவீதம் என்றால், மதிப்பு 13,333க்குக் கீழே போனதும் மார்ஜின் அழைப்பு. மூன்றில் ஒரு பங்கு சரிவு போதும், இப்படிப்பட்ட பங்குகளில் அது ஒரு முற்பகல் வேலை. அதிலும் புரோக்கர் தன் வரம்பை 100 சதவீதமாக உயர்த்தினால், விலை இறங்காமலேயே முழுக் கடனையும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் உங்களைக் கேட்காமலேயே விற்கலாம், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அது இருக்கிறது. இன்னொன்று: மார்ஜின் கணக்கில் உங்கள் கடனின் 140 சதவீத மதிப்பு வரை பங்குகளை எடுத்துக் கடன் கொடுக்க புரோக்கருக்கு உரிமை உண்டு. நீங்கள் எதிர்க்கும் ஷார்ட்டுக்கு உங்கள் பங்கே போய்ச் சேரலாம். ரொக்கக் கணக்கில் உங்கள் சம்மதம் இல்லாமல் அது நடக்காது, பங்கைக் கடன் கொடுக்கும் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்களா என்று அமைப்புகளில் பாருங்கள். பங்கைப் பதிவாளரிடம் நேரடியாகப் பதிவு செய்வதும் உங்கள் உரிமை. 2023இல் கேம்ஸ்டாப்பின் 30 கோடிக்கு மேற்பட்ட பங்குகளில் சுமார் 7.5 கோடி அப்படிப் பதிவாகியிருந்தன. அதனால் நெருக்குதல் எதுவும் வெடித்துவிடவில்லை. விற்பது மட்டும் மெதுவாகும், அதை அறிந்து செய்யுங்கள்.

கால் ஆப்ஷனை (குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமையை) வாங்கிக் குவித்தால் விலை தானாக ஏறும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. 100 ஒப்பந்தம் என்பது 10,000 பங்கு. டெல்டா (பங்கு ஒரு டாலர் நகர்ந்தால் ஆப்ஷன் எவ்வளவு நகரும் என்ற அளவு) 0.3 என்றால் அதை விற்றவர் பாதுகாப்புக்கு 3,000 பங்கு வாங்கி வைப்பார். விலை இறங்கி, நாளும் கரைந்து, டெல்டா 0.1 ஆனதும் 2,000 பங்கை விற்றுவிடுவார். ஏற்றிய அதே இயந்திரம் இறக்கவும் செய்யும். கேம்ஸ்டாப்பில் ஆப்ஷன் வழியான நெருக்குதல் நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றே எஸ்இசி ஊழியர்கள் எழுதினார்கள். பரபரப்பு உச்சத்தில் இருக்கும்போது ஆப்ஷன் விலையில் எதிர்பார்ப்பும் சேர்ந்தே விற்கப்படுகிறது. பங்கு ஏறியும் ஆப்ஷனில் நஷ்டப்பட்டவர்கள் அதனால்தான்.

ஆர்டரை எப்போதும் லிமிட் விலையில் (நீங்கள் குறித்த விலையைத் தாண்டாதபடி) போடுங்கள். பங்கின் விலை, சந்தை விதித்த ஏற்ற இறக்க வரம்பை மீறினால் வர்த்தகம் 5 நிமிடம் நிற்கும். 200இல் ஸ்டாப் லாஸ் (அந்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆர்டர்) வைத்திருக்கிறீர்கள், நிறுத்தத்துக்குப் பிறகு 160இல் திறக்கிறது என்றால், உங்கள் ஸ்டாப் சந்தை விலை ஆர்டராக மாறி 160 அளவில் போய்விடும். ஸ்டாப் லிமிட் (குறித்த விலைக்குக் கீழே விற்காத ஸ்டாப்) அதைத் தடுக்கும், ஆனால் விற்காமலே நின்றுவிடவும் கூடும். இரண்டில் எது உங்களுக்குத் தாங்கும் என்று வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். விற்கும் விலைகளையும் அப்போதே எழுதி வையுங்கள்: இரண்டு மடங்கானால் பாதியை விற்றுப் போட்ட பணத்தை எடுப்பது, மீதியை மூன்று பகுதியாக வெவ்வேறு விலையில் ஆர்டர் போட்டு வைப்பது என்று. திரை பச்சையாக ஒளிரும்போது யாருக்கும் நிதானம் வராது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: ஒரு பங்கு பிடித்திருக்கிறது என்று ஊரறியச் சொல்லலாம். பொய்ச் செய்தி பரப்பக் கூடாது. மற்றவர்களை இழுக்கவென்றே வர்த்தகம் செய்து விலையை ஏற்றவும் கூடாது. ஒப்பந்தம் செய்துகொண்டு சேர்ந்து வாங்கும் குழுவிடம் மொத்தம் 5 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் எஸ்இசியிடம் அறிக்கை தர வேண்டும். ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்குச் சாதாரண வருமான விகிதத்தில் வரி. விற்ற அன்றே அந்த வரித் தொகையைத் தனியாக ஒதுக்குங்கள்.

கடைசியாக, திவாலை நோக்கிப் போகும் நிறுவனங்கள். வீட்டுப் பொருள் கடை நிறுவனமான பெட் பாத் அண்ட் பியாண்ட் 2023 ஏப்ரல் 23 அன்று திவால் மனு கொடுத்தது. அதன் பிறகும், ஷார்ட் செய்தவர்கள் எப்படியும் வாங்கியே தீர வேண்டும் என்று நம்பிப் பலர் வாங்கினார்கள். செப்டம்பர் 29 அன்று அந்தப் பங்குகள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன. பங்கு ரத்தாகிவிட்டால் ஷார்ட் செய்தவர் திருப்பித் தருவதற்கு எதுவும் இல்லை. விற்ற பணம் முழுதும் அவருடையதாகிவிடுகிறது. கடன்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்த பிறகுதான் பங்குதாரருக்கு வரும், பெரும்பாலும் அதற்குள் எதுவும் மிஞ்சாது. எனவே ஷார்ட் சதவீதத்தைப் பார்க்கும் முன், காலாண்டு அறிக்கையைத் திறந்து ரொக்கம் எவ்வளவு, அடுத்த 12 மாதங்களில் கட்ட வேண்டிய கடன் எவ்வளவு, ஒரு காலாண்டில் கரையும் பணம் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் எழுதுங்கள். ரொக்கம் இரண்டு காலாண்டுகளுக்குக்கூடத் தாங்காதென்றால் அந்தப் பங்கை விட்டுவிடுங்கள், ஷார்ட் எத்தனை சதவீதமாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
சந்தையின் பின்கட்டுக் கணக்குகளை அறிந்த சிலர்