அந்த ட்வீசர கீழ வைடா

தம்பி, நீ ராத்திரி அனுப்புன போட்டோவ நான் காலையில மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு வந்துதான் பாத்தேன், உடனே போன் அடிச்சேன் நீ எடுக்கல, அங்க நடுராத்திரி ஆகியிருக்கும். எந்திரிச்சதும் இத படி. படிக்கிறதுக்கு முன்னாடி அந்த ட்வீசர எடுத்து டிராயர்ல போட்டு மூடு.

உன் பாம்பு சுருளிக்கு இந்தத் தடவ சட்டை துண்டு துண்டா வந்திருக்கு, இடது கண்ணுல மட்டும் பழைய செதில் ஒட்டிக்கிட்டு நிக்கிது, பிடுங்கிரட்டுமான்னு கேக்குற. கடைக்காரன் வேற செலோ டேப் ஒட்டி இழுத்துப் பாருன்னு சொன்னானாம். நல்லா சொன்னான் போ. பாம்புக்கு இமையே கெடையாதும்மா, கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான் கண்ண மூடியிருக்கு, சட்டையோட அதுவும் கழண்டு வரும்னு எனக்கு சொல்லிக்குடுத்ததே நீதான். பழசுன்னு நெனச்சு இழுக்கும்போது அடியில இருக்குற புதுசும் சேந்து பேந்துச்சுன்னா கண்ணு போச்சு. மேல்தோல் பேந்துட்டா உள்ளதும் காஞ்சு போயிரும்டா.

போன தை மாசம் ஆபீஸ் வேலைன்னு ரெண்டு வாரம் வான்கூவர் போயிட்டு, என்னையும் அதையும் டொரோண்டோ குளிர்ல ஒரே வீட்டுல விட்டுட்டுப் போனியே, மறந்துருச்சா? பாம்புன்னு சத்தம் கேட்டாலே மண்வெட்டிய தேடுற வீட்டுல பொறந்தவ நான். ஃப்ரீசர்ல தேங்காத்துருவல் பாக்கெட்டுக்குப் பக்கத்துல எலி பாக்கெட், நான் அத நியூஸ்பேப்பர் சுத்தி வச்சிட்டு மொகத்த திருப்பிக்கிட்டே தேங்காய எடுப்பேன். நீ போன மூணாம் நாள் பாக்குறேன், வயிறெல்லாம் ரோஸ் கலர் அடிக்குது, உடம்பு சாம்பல் பூசுன மாதிரி மங்கிருச்சு, மறுநாள் கண்ணு ரெண்டும் பால்ல ஒரு சொட்டு நீலம் விட்ட மாதிரி ஆயிருச்சு. உங்க அம்மாச்சிக்கு புரை விழுந்தப்ப இருந்த கண்ணு அப்படியே. ஐயோ, புள்ள நம்பி விட்டுட்டுப் போச்சு, நாம குருடாக்கிட்டமேன்னு அழுதுக்கிட்டேதான் உனக்கு போன் பண்ணேன். நீ சிரிச்ச. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவுல ஒரு நீர் ஊறுது, அதான் நீலம், தானா தெளியும், அதுவரைக்கும் எலி போடாத, கையில எடுக்காத, அதுக்கு இப்ப கண்ணு சரியா தெரியாது, பயத்துல கொத்தும்னு சொன்ன. அப்பதான் எனக்கு பயமே போச்சு, ஏன்னா பயப்படுறது நான் மட்டும் இல்லன்னு தெரிஞ்சிருச்சுல்ல.

பாம்புப் பொட்டிக்குள்ள ஈரம் காட்டுற மீட்டர் அன்னிக்கு 38 சதவீதத்துல நின்னுச்சு. நிக்காம என்ன, ஹீட்டர் ராத்திரி பகலா ஓடுது, எனக்கே உதடு வெடிச்சு ரத்தம் வந்துச்சு. சுருளிக்கும் கொஞ்சம் தேங்கா எண்ணெ தடவி விடட்டுமான்னு கேட்டதுக்கு நீ கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு. அப்புறம் நீ சொன்னபடி பொட்டியோட வலை மூடியில முக்காவாசிய ஈரத்துண்டால மூடுனேன், ஐஸ்கிரீம் டப்பாவுல ஓட்டை போட்டு, மாஸ்னு கடையில விக்கிற பாசிய நனைச்சு பிழிஞ்சு உள்ள வச்சேன். சொட்டச் சொட்ட வைக்கக் கூடாது, பிழிஞ்சா கையில ஈரம் மட்டும் ஒட்டணும், நாத்துவிட விதநெல்லு முளைகட்டுற சாக்கு பதம்தான், எனக்கு இது புதுசா என்ன. சாயங்காலம் மீட்டர் 70. அது பாட்டுக்கு டப்பாக்குள்ள போயி சுருண்டுக்கிச்சு.

எட்டாம் நாள் கண்ணு தெளிஞ்சுருச்சு, அவ்ளோதான் முடிஞ்சுதுன்னு நெனச்சேன், ஆனா சட்டை அப்பவும் உடம்பு மேலதான் இருந்துச்சு. பதினோராம் நாள் விடிகாலை காபிய கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன், மூக்க அந்த சொரசொரப்பு கல்லுல தேய்க்குது, தேய்க்குது, உதட்டு ஓரத்துல ஒரு வெள்ளை மடிப்பு தூக்கிச்சு. அப்புறம் அது முன்னால நகர, தோல் அங்கேயே தங்கி பின்னால உருண்டுச்சு. வேர்வையில நனைஞ்ச ரவிக்கைய கழட்டும்போது கை உள்வெளியா திரும்பும்ல, அச்சு அசல் அதேதான். அரை மணி நேரம் இருக்கும், நான் காபிய குடிக்கவே இல்ல. வெளிய வந்தது புத்தம்புது பாம்பு, கருப்பும் பழுப்பும் எண்ணெ தேச்சு விட்ட மாதிரி.

சட்டைய பேப்பர்ல விரிச்சு தலைப் பக்கம் பாக்கச் சொன்ன, கண்ணு எடத்துல மீன் செதிலு மாதிரி ரெண்டு வட்டம், வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் தெரியுது. அதேமாதிரி வால் நுனியும். வால்ல வளையம் மாதிரி பழைய தோல் தங்கிட்டா இறுக்கி ரத்தம் ஓடாம நுனியே செத்துப்போயிரும்னு சொன்னியே, இந்தத் தடவ அத பாத்தியா? போட்டோவுல கண்ணு மட்டும்தான் இருக்கு, வாலக் காணோம்.

இப்ப என்ன பண்ணனும்னா, அகலமான டப்பாவுல வெதுவெதுன்னு கொஞ்சமா தண்ணி, அதோட முதுகு முழுகக் கூடாது, இருவது நிமிஷம் விடு, பக்கத்துலயே உக்காரு, போன நோண்டாத. அப்புறம் ஈரத்துண்டுக்குள்ள விட்டு கையில தளர்வா பிடி, அதுவே நெளிஞ்சு வெளிய வரும்போது உடம்புல ஒட்டியிருக்கறது போயிரும். கண்ண தொடவே தொடாத. ஈரம் சரியா இருந்தா பெரும்பாலும் அடுத்த சட்டையோட ரெண்டும் சேந்து வந்துரும், அப்பவும் வரலன்னாலோ கண்ணு வீங்குனாலோ பாம்பு பாக்குற டாக்டர்கிட்ட கொண்டு போ. ஒன்னு கேக்குறேன், கோச்சுக்காத, பாசி டப்பா எங்க போச்சு? போட்டோவுல பொட்டிக்குள்ள காணோமே.

இங்க சம்பா கதிர் வாங்குற நேரம், சிஆர் 1009 நெல்லு போட்டுருக்கு, எலி வெட்டு ஜாஸ்தி. அப்பா எலி பிடிக்கிற தஞ்சாவூர் கிட்டி வச்சுப் பாத்தாரு, கிட்டிய விட நம்ம வைக்கப்போர்ல குடியிருக்குற சாரை ஜாஸ்தி பிடிக்குது. முன்னல்லாம் கம்ப எடுத்துக்கிட்டு வர்ற எதுத்த வீட்டு பெரியப்பாவ இந்தத் தடவ நான்தான் வழிமறிச்சேன், 1972லயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்துருச்சு, அடிக்கவும் கூடாது பிடிச்சு வளக்கவும் கூடாதுன்னு அதட்டுனேன், கனடா போய் வந்ததுல இருந்து இவ ஒரு மாதிரிதான்னு சொல்லிக்கிட்டே போயிட்டாரு. பாட்டி இருந்திருந்தா பால் ஊத்தியிருப்பா, பாம்பு அத சீண்டாதுன்னு சொன்னா என்னையத்தான் அடிச்சிருப்பா.

போன செவ்வாக்கெழம அந்த சாரையோட சட்டை வைக்கப்போர் ஓரத்துல முழுசா கெடந்துச்சு, ஆறு முழம். அப்பா கையில தூக்கிப் பாத்துட்டு, கரிகாலச் சோழன் பாட்டுப் பாட வந்த பொருநனுக்கு குடுத்த துணி இப்படித்தான் இழை தெரியாம பாம்பு உரி மாதிரி இருந்துச்சுன்னு சங்கப் பாட்டுல இருக்குன்னு வாத்தியார் வேலைய ஆரம்பிச்சாரு. நான் அத காதுல வாங்கல, திண்ணையில விரிச்சு நேரா தலைப் பக்கம்தான் போனேன். கண்ணு ரெண்டும் இருந்துச்சு. மடிச்சு பஞ்சாங்கத்துக்குள்ள வச்சிருக்கேன், நீ வரும்போது பாக்கலாம்.

எந்திரிச்சதும் மொதல்ல மீட்டர ஒரு போட்டோ, வால ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. காபி அப்புறம்.

அம்மா