என் கணக்கு உன் துப்பாக்கிக்கு ஆகாது

அன்புள்ள அம்முவுக்கு,

வீட்டிலேயே துப்பாக்கித் தோட்டா நிரப்பத் தொடங்கப்போகும் நீ நேற்று போனில் கேட்டது ஒரே ஒரு எண். "உங்க நோட்டுல இருக்கிற வெடிமருந்து அளவை மட்டும் சொல்லுங்கப்பா, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாய். நான் பேச்சை மாற்றியதும் உன் குரல் மாறியது. வைத்த பிறகு எனக்கும் மனசு சரியில்லை. போனில் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நோட்டில் இருக்கும் அந்த அளவு என் பிஸ்டலுக்காக, நான் வாங்கிய ஒரு டப்பா மருந்தை வைத்து, ஒரே வகைப் புல்லட்டுக்கு, அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பறக்கும் குண்டுக்கு, கண்டது. கையேட்டில் போட்டிருக்கும் தொடக்க அளவில் ஆரம்பித்து, பத்துப் பத்துத் தோட்டாவாகச் சுட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்து நின்ற இடம் அது. உன் பேரல் வேறு, அதில் தோட்டா உட்காரும் சேம்பர் வேறு. மருந்தின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் டப்பாவுக்கு டப்பா எரியும் வேகம் சற்று மாறும். 9 மி.மீ. தோட்டா மாதிரி, மருந்து நிரப்பும் சின்னக் கூட்டில் புல்லட் அரை மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே இறங்கினாலே அழுத்தம் நன்றாக ஏறிவிடும். ஆகவே நான் அந்த எண்ணைச் சொன்னால் அது உனக்கு உதவி இல்லை. சுடும் ரேஞ்சில் யாராவது "இதைப் போடு, சூப்பரா இருக்கும்" என்று சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடு. மருந்துக் கம்பெனியும் புல்லட் கம்பெனியும் சோதனை செய்து வெளியிடும் கையேடுகளில் இரண்டையாவது பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார். உச்ச அளவு மட்டும் கொடுத்திருந்தால் அதிலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்கு. கையேட்டில் சொன்ன புல்லட்டுக்குப் பதிலாக எடை ஒத்த வேறு புல்லட்டைப் போட்டாலும் மறுபடி கீழிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. அந்த அளவெல்லாம் கிரெய்ன் கணக்கு. ஒரு கிராமுக்கு 15.43 கிரெய்ன். எலெக்ட்ரானிக் தராசில் ஒரு பட்டன் தவறி அழுத்தினால் கிராமுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கு. மின்விசிறிக் காற்றுக்கே எண் ஆடும், அதையும் நிறுத்திவிடு.

இப்போது உனக்கு இதுவரை சொல்லாத ஒரு கதை. நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். புதிதாக புரோகிரெசிவ் பிரஸ் வாங்கியிருந்தேன், பல கூடுகளில் ஒரே நேரத்தில் வேலை நடக்கும் நிரப்பும் கருவி. இழுத்தால் ஒரு தோட்டா, இழுத்தால் ஒரு தோட்டா என்று விழும். அந்த வேகத்தில் ஒரு மயக்கம். ஒரு நாள் பிரைமர், அதாவது கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, சிக்கிக்கொண்டது. கூடுகள் நிற்கும் தட்டைக் கையால் நகர்த்திச் சரிசெய்தேன். அதே நேரம் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டு வந்தேன். தட்டு ஒரு இடம் தள்ளி நின்றிருக்கிறது. ஒரு கூடு மருந்தே விழாமல் புல்லட் ஏறி டப்பாவுக்குள் போய்விட்டது. எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் போட்டி. நடுவில் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்வரும் மேல்பாகமான ஸ்லைடு நகரவில்லை. இப்படி ஆனால் தோட்டாக்கள் இருக்கும் மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்து, அடுத்ததைச் சுடு என்று எத்தனை ஆண்டு பழகியிருக்கிறோம்! கை தானாக அதைச் செய்துவிட்டது. விரல் டிரிக்கருக்குப் போகும்போது பக்கத்தில் நின்ற ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டாப்!" என்று கத்தினார். துப்பாக்கியைக் காலி செய்து பேரலைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு புல்லட் அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கிறது. பிரைமரின் தெம்பு அவ்வளவு தூரம் மட்டுமே தள்ளியிருக்கிறது. அதன் பின்னால் அடுத்த குண்டு போயிருந்தால் பேரல் வெடித்திருக்கலாம். என்னைக் காப்பாற்றியது அந்த மனிதரின் காது. அன்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

அதனால் சொல்கிறேன். சத்தம் வித்தியாசமாக இருந்தால், உதை குறைவாக இருந்தால், போட்டியே போனாலும் பரவாயில்லை, நிறுத்து. ஒன்றுமே வெடிக்காவிட்டால் முனையை இலக்குப் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடி பொறு. சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும்.

மருந்து இல்லாமல் போவதைவிட இரண்டு தடவை விழுவது இன்னும் மோசம். பிஸ்டல் தோட்டாவில் சில மருந்துகள் கூட்டின் அடியில் கொஞ்சமாகவே கிடக்கும். இரண்டு பங்கு விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது. நான் இப்போது பருமனான மருந்தைத்தான் தேடி வாங்குகிறேன். இரண்டாவது முறை விழுந்தால் கூடு நிரம்பி மேசையில் கொட்டும், என் கண்ணுக்குத் தப்பாது. கூடவே பிரஸ்ஸின் மேல் ஒரு சின்ன விளக்கு. புல்லட்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறேன். இடையில் எழுந்து போக நேர்ந்தால் பிரஸ்ஸில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவேன். நாலைந்து கூடு வீணாவதைப் பார்த்து நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

நீயும் புரோகிரெசிவ் வாங்கிவிட்டாய் என்று தெரியும். திருப்பிக் கொடு என்று சொல்லப்போவதில்லை. முதல் சில நூறு தோட்டாக்களுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கூட்டை மட்டும் அதில் வைத்துச் சுற்று. எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கை பழகட்டும்.

அப்புறம் பயிற்சி. ஜெர்மனியில் வீட்டில் தோட்டா நிரப்ப வேண்டுமென்றால் வெடிபொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு முன் வகுப்புக்குப் போய்த் தேர்வில் தேற வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்புகிறவருக்கு மத்திய உரிமம் எதுவும் தேவையில்லை. நீ இருக்கும் இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதல் டப்பா வாங்கும் முன்பே விசாரித்துவிடு. சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு வகுப்பில் சேர். சொல்லித் தருகிறவர் தன் சாதனைகளைப் பேசுகிறாரா, தன் தவறுகளைப் பேசுகிறாரா என்று கவனி. இரண்டாமவரிடம் கற்றுக்கொள்.

தரம் என்று நீ முன்பு கேட்டாயே, தோட்டாக்களுக்கு அளவும் அழுத்த எல்லையும் வகுக்கும் அமைப்புகள் இரண்டு: சி.ஐ.பி. 1914-லும் அமெரிக்காவின் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. 1926-லும் தொடங்கியவை. இரண்டாவதை அங்கே ஏறக்குறைய 'சாமி' என்றே உச்சரிக்கிறார்கள். கும்பிட வேண்டாம், படித்தால் போதும். நம் 9 மி.மீ. தோட்டாவான 9 மி.மீ. லூகருக்கு அந்தச் 'சாமி' வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. கார் டயரில் முப்பத்துச் சொச்சம்தான் அடிக்கிறோம். கம்பெனித் தோட்டாவின் அழுத்தத்தைக் கருவி வைத்து அளக்கிறார்கள். உன் மேசையில் அந்தக் கருவி கிடையாது. பிரைமர் தட்டையாவது, கூட்டின் அடியில் பளபளப்பான தழும்பு விழுவது எல்லாம் அழுத்தத்தின் அடையாளம்தான், ஆனால் அவை தெரியும்போது சில சமயம் எல்லை ஏற்கெனவே தாண்டியிருக்கும்.

போட்டியில் குரோனோகிராஃப் என்ற கருவி வைத்துப் புல்லட்டின் வேகம் பார்ப்பார்கள். புல்லட் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் மைனர் என்ற கீழ் வகைக்கு 125 வர வேண்டும். அதைத் தொட்டுவிட்டால் போதும். அதற்கு மேல் வகையான மேஜர் வாங்கவென்று 9 மி.மீ. கூட்டில் மருந்தைத் திணிப்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்து வரிசையில் நிற்க எனக்குப் பிடிக்காது.

மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. வேலை முடிந்ததும் பிரஸ்ஸின் மருந்துக் கொள்கலனான ஹாப்பரில் மீதி இருப்பது அதே டப்பாவுக்குத் திரும்பிப் போக வேண்டும். பெயர் தெரியாத மருந்தை முகர்ந்து பார்த்தோ நிறத்தை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது, அழித்துவிடு. பிரைமர்களை வாங்கிய தட்டிலேயே வை, ஒன்றாகப் பாட்டிலில் கொட்டி வைக்காதே. சிந்திய மருந்தை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதே. கண்ணாடி போடாமல் பிரஸ்ஸைத் தொடாதே.

ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுட்ட கூடுகளைச் சுத்தம் செய்யும்போது எழும் தூசியில் அது இருக்கிறது. அந்த அறையில் எதுவும் சாப்பிடாதே, குடிக்காதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கு. ஆண்டுக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள், நானும் பார்க்கிறேன்.

என் சோதனை எடைக்கற்களைப் பார்சலில் அனுப்புகிறேன், எனக்குப் புதிது வாங்கிக்கொண்டேன். கூடவே ஒரு வெற்று நோட்டு. முதல் பத்துத் தோட்டா நிரப்பியதும் தேதி, மருந்து, டப்பா எண், அளவு, புல்லட், பிரைமர், மொத்த நீளம் எல்லாம் எழுதி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. சுடும் முன் அனுப்பு.

அன்புடன்,
அப்பா