அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்

எங்கள் குலதெய்வக் கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கும் பெரியப்பா, சித்தப்பா, அண்ணன்மாருக்கு,

கட்டிக்கொடுத்த பொண்ணு எழுதுகிறேன். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்கும் தலைக்கட்டு வரியின் பழைய நோட்டுகள் கோயில் இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டும் என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். “அதெல்லாம் உனக்கெதுக்கு கண்ணு” என்றீர்கள். எதற்கென்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குள் எங்கள் வீட்டைக் ‘கப்பக்காரரு ஊடு’ என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் மேய்ச்சல் கொறங்காடும் கிணறுமாக இருக்கும் ஊரில் அப்படியொரு பெயர். அப்பாருடைய அப்பா, அதாவது என் பூட்டன், கப்பல் பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவர். முதல் உலகப்போர் முடிந்து திரும்பி, பொண்ணு கட்டிய ஊரிலேயே தங்கிவிட்டார். அப்பாருக்கு விவரம் தெரியும் முன்பே இறந்தும் போனார். அவர் பிறந்த ஊர் எது? தாராபுரம் பக்கம் என்கிறார்கள் சிலர், கரூர் பக்கம் என்கிறார்கள் சிலர். “அமராவதித் தண்ணி குடிச்சு வளந்தவரு” என்று அப்பத்தா சொல்லும். அமராவதி இரண்டு ஊரையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

1915-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் ஆட்பட்டியல்கள் லண்டன் கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இணையத்தில் காசில்லாமல் தேடலாம். பெயர், வயது, பிறந்த இடம், அதற்கு முன் வேலை பார்த்த கப்பல் எல்லாம் அதில் எழுதுவார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து, எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினேன். பூட்டன் பெயர் மாதிரியே மூன்று பேர் கிடைத்தார்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் மூவருக்குமே ‘மெட்ராஸ்’. அன்றைய மெட்ராஸ் மாகாணம் கஞ்சாமிலிருந்து திருநெல்வேலி வரைக்கும். தகப்பன் பெயர் எதிலும் இல்லை. அன்றைக்கு நான் அழுதேன்.

அந்தத் தகப்பன் பெயர் உங்கள் பெட்டியில் இருக்கிறது. ஊர்வாரியாகத் தலைக்கட்டும் தகப்பன் பெயரும் கட்டிய தொகையும் எழுதியிருக்கும் என்றும், வெளியே போனவர் பெயருக்கு நேரே ‘பரதேசம்’ என்று குறித்திருப்பார்கள் என்றும் உங்களில் ஒருவர்தான் சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தை எந்த ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நிலப் பதிவுகளைத் தேடிக்கொள்வேன். கரூர் வட்டமே 1910-இல் கோயம்புத்தூர் மாவட்டத்தை விட்டுத் திருச்சிக்குப் போனது. எந்த மாவட்டத்து ஆவணக் கட்டைக் கேட்பது என்பதற்கே ஊர் தெரிந்தாக வேண்டும்.

கும்பாபிஷேக வேலைக்காகப் பெட்டியை நகர்த்தப் போகிறீர்கள். போன தடவை கரையான் அரித்த ஒரு நோட்டுக் கட்டை ஆற்றில் விட்டதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து இந்த முறை எதையும் விட்டுவிடாதீர்கள். லேமினேஷனும் வேண்டாம், ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரித்தால் தாளும் கூடவே வந்துவிடும். உங்கள் கண் முன்னாலேயே பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். ஒரு தாளும் கோயிலை விட்டு வெளியே போகாது. எடுத்த படங்களில் ஒரு பிரதி கோயிலுக்கு.

பொண்ணுகளுக்குத் தலைக்கட்டு வரி கிடையாது, தெரியும். ஆனால் அவர் எனக்கும் பூட்டன்.

வருகிற அமாவாசைக்கு வருகிறேன். சாவி வைத்திருக்கும் சித்தப்பா அன்றைக்கு ஊரில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கப்பக்காரர் வீட்டுப் பொண்ணு